கொடைக்கானல் பேரி மரமும் முதுகெலும்பு ஒட்டும்

வத்தலக்குண்டில் ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறினால், சற்று நேரத்தில் மலை ஆரம்பித்துவிடும். அங்கிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 54 கிலோமீட்டர். டம் டம் பாறையில் வண்டியை நிறுத்தினால், எதிரே மலைச்சுவரில் தலையாறு அருவி எலியின் வால் மாதிரி மெலிதாகத் தொங்கும். உயரம் 297 மீட்டர். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று ஒவ்வொன்றாகக் கடக்கும்போது காதடைக்கும், காற்று குளிரும், யூகலிப்டஸ் வாசம் வரும்.

ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் இயற்கையை ரசிக்க, அவர்களின் முதுகு மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருக்கும். வண்டி வளையும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சரிகிறது. முதுகுத் தசைகள் அதை இழுத்து நிமிர்த்துகின்றன. அடுத்த வளைவில் எதிர்ப் பக்கம் சரிகிறது. இப்படி ஒன்றரை, இரண்டு மணி நேரம். பஸ் நிலையத்தில் இறங்கியதும் பலர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "அப்பாடா, இடுப்பே போச்சு!" என்பதுதான்.

ஏற்கெனவே முதுகுவலி இருப்பவர்களுக்கு இது வேடிக்கைப் பேச்சு கிடையாது. 'தட்டு விலகியிருக்கு, எலும்பு நகர்ந்திருக்கு, ஆபரேஷன் செய்து எலும்பு வைத்து இணைக்கணும்' என்று டாக்டர் சொன்ன ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பங்கள் எத்தனையோ. 'எலும்பை வெட்டி முதுகில் ஒட்டுவதா? அது எப்படிப் பிடிக்கும்? பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?' என்ற கேள்விகள் தூக்கத்தைக் கெடுக்கும். இந்தக் கேள்விகளுக்குப் பாதி பதில் கொடைக்கானலின் பேரித் தோட்டங்களிலேயே இருக்கிறது.

தோளும் முதுகும் சுமந்த மலை

பழநி மலையின் கதையே ஒரு சுமையில் தொடங்குகிறது. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளையும் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். திருவாவினன்குடி அருகே இளைப்பாற இறக்கிவைத்தவனால் மறுபடி தூக்க முடியவில்லை என்கிறது தலபுராணம். அப்படி நின்றுபோன குன்றில்தான் தண்டாயுதபாணி ஆண்டியாக நிற்கிறார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி சுமந்து, நாள்கணக்கில் நடந்து வந்து, 693 படிகளையும் ஏறும் பக்தர்கள் இன்றும் அந்தச் சுமையை விரும்பித் தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஏற முடியாதவர்களுக்கு வின்ச்சும் ரோப்காரும் உண்டு.

மலையின் மேல்பகுதிக்கு வெள்ளைக்காரர்கள் வந்ததும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். மதுரையின் வெயிலிலும் காய்ச்சலிலும் அவதிப்பட்ட அமெரிக்க மிஷனரிகள், 1845-ல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மோட்டார் சாலை ஏது? பெரியகுளம் பக்கம் அடிவாரத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலோ டோலியிலோ உட்கார்ந்து வர, பெட்டி படுக்கையோடு அவர்களைச் சுமந்தவை உள்ளூர்க்காரர்களின் தோள்கள். அந்த வழிக்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயரே 'கூலி காட்'. கொடைக்கானல் உருவான கதையில் ஏரி வெட்டிய லெவிஞ்ச் துரைக்குப் பெயர் இருக்கிறது. டோலி தூக்கியவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

அந்தப் பழைய பாதையோரம் இருக்கும் வெள்ளகவி கிராமம், தலைமுறை தலைமுறையாகச் சாலை இல்லாத ஊர் என்றே செய்திகளில் அடிபட்டது. அரிசி மூட்டை குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் ஏறும். நோயாளி டோலியில் இறங்குவார். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் போனால் படிப்படியான வயல்களில் மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. குனிந்து நட்டு, குனிந்து களையெடுத்து, குனிந்து பிடுங்கி, மூட்டையைச் சும்மாடு வைத்துத் தூக்கிச் சரிவில் ஏறி, லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றுலா வருபவருக்கு இரண்டு மணி நேர இடுப்புவலி. இங்கே வாழ்பவருக்கு அது தினசரி.

பேரிக்கு ஒட்டு கட்டுவது எப்படி?

கொடைக்கானல் கடைத்தெருவில் மே மாதம் பிளம்ஸ் சிவக்கும். அதையொட்டிப் பேரிக்காய் வர ஆரம்பித்து, மழைக்காலம் வரை கூடைகளில் குவிந்திருக்கும். வில்பட்டி, பள்ளங்கி, அட்டுவம்பட்டி பக்கம் நடந்தால், வீட்டுக் கொல்லையிலேயே பேரி மரங்களைப் பார்க்கலாம். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும். பனி விலகியதும் வெள்ளைப் பூவாகப் பூத்துவிடும்.

இந்த மரங்களில் நல்ல ரகம் எதுவும் விதை போட்டு முளைத்தது இல்லை. பேரி விதையைப் போட்டால் தாய் மரத்தின் பழம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒட்டு கட்டுகிறார்கள். மண்ணுக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்கும் நாட்டுப் பேரி வேர்ச்செடியாகக் கீழே இருக்கும். ருசியான ரகத்தின் குச்சி மேலே வரும். பிளம்ஸுக்குக் கீழே பீச் மரத்தின் வேர்.

வேலை பார்ப்பதற்கு எளிது. மரம் உறங்கும் குளிர்காலத்தில், பென்சில் பருமனில் ஒரு குச்சியை வெட்டி எடுப்பார்கள். வேர்ச்செடியையும் குச்சியையும் கூரான கத்தியால் சாய்வாகச் சீவி, இரண்டின் பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை அடுக்கு ஒன்றோடொன்று தொடுமாறு பொருத்துவார்கள். உயிர் அந்த அடுக்கில்தான் இருக்கிறது. பிறகு பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றுதான். அசைக்கக் கூடாது.

சில வாரங்களில் வெட்டுப்பட்ட இடத்தில் மென்மையான திசு ஒன்று வளர்ந்து இடைவெளியை அடைக்கும். அதற்குக் 'கேலஸ்' என்று பெயர். அதற்குள் சாறு போகும் குழாய்கள் உருவாகும். மொட்டு விடும். ஒட்டு 'பிடித்துவிட்டது' என்று அர்த்தம். நாடா எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டுவது மரம். நாடா அதுவரை பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

மனிதனின் எலும்பு முறிந்து கூடும்போதும் முறிவைச் சுற்றி முதலில் ஒரு திசு வளரும். டாக்டர்கள் அதற்கும் கேலஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தாத்தா கற்றுக்கொடுத்த வித்தை

இந்தத் தோட்ட வேலைக்கும் முதுகெலும்பு ஆபரேஷனுக்கும் நிஜமாகவே ஒரு சரித்திரத் தொடர்பு உண்டு.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1876-ல் பிறந்தவர் ஃப்ரெட் ஆல்பி. அவருடைய தாத்தா பழ மரங்களுக்கு ஒட்டு கட்டுவதில் கெட்டிக்காரர். பேரன் கூடவே திரிந்து, எப்படிச் சீவுவது, பட்டையோடு பட்டையை எப்படிப் பொருத்துவது என்று கற்றுக்கொண்டான். வளர்ந்து எலும்பு டாக்டரானதும், மரத்தில் முடிவது மனித எலும்பில் ஏன் முடியாது என்று யோசித்தார். நியூயார்க்கில் 1911-ல், முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னங்கால் எலும்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, முதுகெலும்புகளின் பின்பக்க முனைகளைப் பிளந்து, அதற்குள் செருகி வைத்தார். தோட்டத்தில் பிளந்த தண்டுக்குள் குச்சியைச் செருகுகிற அதே முறை.

அதே ஆண்டில், அதே ஊரில், ரஸ்ஸல் ஹிப்ஸ் என்ற இன்னொரு டாக்டர், வெளியிலிருந்து எலும்பு எடுக்காமல், அங்கேயே இருக்கும் எலும்பைச் சீவி மடக்கிப் பக்கத்து எலும்போடு சேர்க்கும் முறையை வெளியிட்டார். இன்று உலகம் முழுக்க நடக்கும் 'ஸ்பைனல் ஃப்யூஷன்' என்ற முதுகெலும்பு இணைப்பு ஆபரேஷன்களுக்கு இந்த இரண்டும்தான் ஆரம்பம்.

இருவருமே அப்போது போராடியது சாதாரண முதுகுவலியோடு இல்லை. முதுகெலும்பை அரித்துக் கூன் விழவைக்கும் காசநோயோடு. இந்தக் கதை பின்னால் நம் சென்னைக்கு வரப்போகிறது.

முதுகுக்குள் நடப்பது என்ன?

கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய 24 எலும்புகள் அசையக் கூடியவை. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு. பின்பக்கம் சிறு மூட்டுகள். நடுவில் நரம்புகள் போகும் பாதை. ஓர் எலும்பு அதன் கீழுள்ள எலும்பின் மேல் நழுவி முன்னால் வந்துவிட்டாலோ, விபத்தில் நொறுங்கினாலோ, கிருமி அரித்துவிட்டாலோ, அந்த இடம் ஆட்டம் காணும். நரம்பு நசுங்கும். அப்போதுதான் இரண்டு எலும்புகளையும் ஒரே எலும்பாக்கிவிடலாம் என்று டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள்.

ஆபரேஷனில் டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும் போடுவார்கள். தட்டு இருந்த இடத்தில் 'கேஜ்' என்ற சிறு கூடு வைப்பதும் உண்டு. எக்ஸ்-ரே படத்தில் பளிச்சென்று தெரிவதால், அந்த ஸ்க்ரூதான் முதுகைத் தாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாலிதீன் நாடாவின் வேலையைத்தான் செய்கிறது. எலும்பு சேரும் வரை அசையாமல் பிடித்திருக்கும். எலும்பு சேரவே இல்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்க்ரூவும் நாளாக ஆகத் தளரும். சில நேரம் உடையும். உண்மையான இணைப்பு, இடையில் வைக்கப்படும் எலும்புத் துண்டுகளில்தான் நடக்கிறது.

அந்தத் துண்டுகள் மூன்று வேலை பார்க்க வேண்டும். புது எலும்பை உருவாக்கும் உயிருள்ள செல்களைக் கொண்டுவர வேண்டும். 'இங்கே எலும்பு கட்டு' என்று உடம்புக்குச் சேதி சொல்ல வேண்டும். பந்தல் மாதிரி நின்று, புது எலும்பு படர இடம் தர வேண்டும்.

மூன்றையும் செய்வது நோயாளியின் சொந்த எலும்பு. பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். நரம்பை விடுவிக்க முதுகிலேயே செதுக்கி எடுத்த எலும்பையும் சுத்தம் செய்து பயன்படுத்துவார்கள். இடுப்பிலிருந்து எடுத்தால் அங்கே தனியாக ஒரு காயம். சிலருக்கு முதுகுவலி போன பின்னும் இடுப்பில் எடுத்த இடம் மாதக்கணக்கில் வலிப்பதுண்டு.

இன்னொரு வழி, தானமாகப் பெற்று எலும்பு வங்கியில் பதப்படுத்திய எலும்பு. இதில் உயிருள்ள செல்கள் இருக்காது. பந்தல் வேலையை நன்றாகச் செய்யும். கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைத் துகள்களும் அப்படித்தான். சேதி சொல்லும் புரதம் எலும்புக்குள் இருக்கிறது என்பதை 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற டாக்டர் காட்டினார். அந்தப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, முதுகெலும்பு ஆபரேஷனில் பயன்படுத்த அமெரிக்கா 2002-ல் அனுமதி கொடுத்தது. விலை அதிகம். தேவையில்லாத இடத்தில் எலும்பு வளர்வது, வீக்கம் போன்ற தொல்லைகளும் பின்னர் தெரியவந்ததால், இப்போது யோசித்துத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் முதுகு, பேரி மரத்திலிருந்து வேறுபடுகிறது. மரத்தில் ஒட்டுக் குச்சி கடைசி வரை தானாகவே இருந்து தன் பழத்தைக் கொடுக்கும். முதுகில் வைத்த எலும்போ மெல்ல மெல்லக் கரைந்துபோகும். அதை அரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உடம்பு தன் சொந்த எலும்பைக் கட்டிக்கொள்ளும். இதற்கு மாதங்கள் ஆகும். ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டுகூட. தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததோடு ஆபரேஷன் முடிந்தது என்று நினைப்பது, நாடா கட்டிய மறுநாளே பேரிக்காய் பறிக்கக் கூடையோடு போவது மாதிரி.

சென்னை சொன்ன பதில்

மாத்திரைகள் வராத காலத்தில், காசநோய்க்கு மலைக்காற்றும் முழு ஓய்வும்தான் மருந்து. அந்த நம்பிக்கையை அசைத்தது தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும், இன்னொரு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. முடிவு 1959-ல் வந்தது. சானடோரியத்தின் ஓய்வும் நல்ல சாப்பாடும் இல்லாமலே, நெரிசலான வீடுகளில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். நோயை விரட்டியது இடமோ காற்றோ இல்லை, ஒழுங்காகச் சாப்பிட்ட மருந்து என்பது தெளிவானது.

முதுகெலும்புக் காசநோயில் இன்னொரு கேள்வி இருந்தது. ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரு டாக்டர்கள் 1956-ல் ஒரு பெரிய ஆபரேஷனை வெளியிட்டிருந்தார்கள். முன்பக்கமாகப் போய், அரித்த எலும்பை முழுக்க நீக்கி, அந்த இடத்தில் எலும்பு ஒட்டு வைப்பது. பலன் நன்றாக இருந்தது. ஆனால், அவ்வளவு பெரிய ஆபரேஷன் எல்லோருக்கும் வேண்டுமா?

சென்னை மையம் அதையும் சோதித்தது. கால்கள் செயலிழக்காத முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹாங்காங் ஆபரேஷனும் எலும்பு ஒட்டும், கூடவே ஆறு மாத மாத்திரைகளும். மற்ற இரண்டு குழுக்களுக்கு ஆபரேஷன் இல்லை. ஆறு அல்லது ஒன்பது மாதம் மாத்திரை, நடமாடிக்கொண்டே. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்த கணக்கு 1999-ல் வெளியானது. ஆபரேஷன் குழுவில் 90 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுக்களில் 94, 99 சதவீதம்.

ஒரு எச்சரிக்கையும் அதில் இருந்தது. 15 வயதுக்குட்பட்ட, தொடக்கத்திலேயே 30 டிகிரிக்கு மேல் கூன் விழுந்த பிள்ளைகளுக்கு, மாத்திரையால் நோய் போனாலும் கூன் வளர்ந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு நிபுணர் எஸ்.ராஜசேகரன், இந்த ஆய்வில் சேர்ந்த குழந்தைகளை நீண்ட காலம் கவனித்து, யாருக்குக் கூன் கூடப்போகிறது என்று எக்ஸ்-ரேயிலேயே முன்கூட்டிச் சொல்லும் நான்கு அடையாளங்களைக் கண்டறிந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆக, எலும்பு ஒட்டு எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்த நோயிலேயே பலருக்கு அது தேவைப்படாமல் போனது. ஆனால் தேவைப்படும் சிலருக்கு அதை விட்டால் வழியும் இல்லை. இவர்கள் யார், அவர்கள் யார் என்று பிரித்தறிவதில்தான் வைத்தியம் இருக்கிறது.

எல்லா முதுகுவலிக்கும் வேண்டாம்

உலகத்தில் 2020-ல் கீழ்முதுகு வலியோடு இருந்தவர்கள் 61.9 கோடிப் பேர் என்று ஒரு கணக்கு. இவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனே வேண்டாம். திடீரென்று பிடித்துக்கொண்ட முதுகுவலி, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். படுத்தே கிடப்பதைவிட, முடிந்தவரை நடமாடுவது நல்லது.

நாள்பட்ட முதுகுவலிக்கு எலும்பு இணைப்பு உதவுமா? ஸ்வீடனில் 294 பேரை வைத்து நடந்த ஆய்வு 2001-ல் வந்தது. வழக்கமான பிசியோதெரபியை விட ஆபரேஷன் மேல் என்றது. பிரிட்டனில் 349 பேரை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வந்தது. அங்கே ஆபரேஷனுக்கு எதிராக நிறுத்தியது, தீவிரமான உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் சேர்ந்த திட்டம். அதோடு ஒப்பிட்டால் ஆபரேஷனுக்குத் தெளிவான கூடுதல் லாபம் இல்லை என்று வந்தது. அதாவது, பயிற்சியை எவ்வளவு ஒழுங்காகச் செய்தோம் என்பதைப் பொறுத்தே, 'பயிற்சி செய்தும் பயனில்லை' என்ற பேச்சுக்கு அர்த்தம்.

எலும்பு நழுவி நரம்பு நசுங்கியவர்கள், முறிவு, கிருமித்தாக்கு, கட்டி, கூடிக்கொண்டே போகும் கூன் உள்ளவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு இந்த ஆபரேஷன் நடையை மீட்டுத் தரும். 'என் முதுகில் எந்த இடம் ஆடுகிறது? எதற்காக இணைக்கிறீர்கள்? எந்த எலும்பை வைக்கப்போகிறீர்கள்? இணைக்காமல் நரம்பை மட்டும் விடுவித்தால் போதாதா?' என்ற நான்கு கேள்விகளையும் டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம். இணைத்த இடம் இனி அசையாது என்பதால், அதற்கு மேலும் கீழும் உள்ள தட்டுகளுக்கு வேலை கூடும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்பதால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.

இவற்றில் ஒன்று தெரிந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே போவது. இவை அவசரம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அதற்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஒட்டு பிடிக்க என்ன வேண்டும்?

நிழலும் ஈரமும் இல்லாத இடத்தில் கட்டிய பேரி ஒட்டு காய்ந்துபோகும். எலும்பு ஒட்டுக்கு வேண்டியது ரத்த ஓட்டம். அதைக் கெடுப்பதில் முதலிடம் சிகரெட், பீடிக்கு. புகையிலை மெல்லுவதும் அதில் சேர்த்தி. நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்கு எலும்பு சேராமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்தி, சேரும் வரை தொடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். வைட்டமின் டி, புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரைகளில் சில எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், மருந்துக் கடையில் நாமாக வாங்கிப் போடாமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

அசைவிலும் அளவு உண்டு. குனிவது, பாரம் தூக்குவது, முதுகைத் திருகுவது மூன்றும் டாக்டர் சொல்லும் வரை கூடாது. நடை மட்டும் வேண்டும். பாரம் விழுந்தால்தான் எலும்பு உறுதிப்படும். படுத்தே கிடக்கும் எலும்பு மெலிந்துபோகும்.

இங்கேதான் மலைக்காரர்களின் சிரமம். ஒரு நகரத்து ஊழியர் மூன்று மாத விடுப்பு எடுக்கலாம். பூண்டு வயலில் கூலிக்குப் போகிறவர் ஆறு மாதம் குனியாமல் இருந்தால் அடுப்பு எரியாது. வலி குறைந்ததுமே மூட்டை தூக்கப் போய்விட்டால், உள்ளே ஒட்டு பிடித்திருக்காது. ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று விசாரிக்கும்போதே, அடுத்த ஆறு மாதம் வீட்டில் யார் தண்ணீர் தூக்குவார்கள், யார் வேலைக்குப் போவார்கள் என்பதையும் குடும்பம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

முதுகுக்கு இதமான கொடைக்கானல்

முதுகுவலிக்காரர்கள் கொடைக்கானலை ஒதுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் திட்டமிட்டால் போதும்.

● பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள சீட்டில் குலுக்கல் குறைவு. இடுப்பின் வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

● காரில் வந்தால் டம் டம் பாறையிலும் பெருமாள்மலையிலும் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். பழநியிலிருந்து வரும் 64 கிலோமீட்டர் பாதையும் பெருமாள்மலையில்தான் வந்து சேர்கிறது.

● டிக்கியிலிருந்து பெட்டியைக் குனிந்து இழுக்காதீர்கள். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சிறிய பைகள் நல்லது.

● ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. காலையில் பனி விலகும் நேரம் நடந்தால், முதுகுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முழுச் சுற்று முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம்.

● 1872-ல் அமைத்த கோக்கர்ஸ் வாக், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் நடைபாதை போட்டது. பிரையன்ட் பூங்காவில் உட்கார்ந்து எழுந்து நிதானமாகச் சுற்றலாம்.

● டால்பின் மூக்குப் பாறைக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும். குதிரைச் சவாரியில் குலுக்கல் அதிகம். பெடல் படகில் குனிந்து உட்கார வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் இந்த மூன்றையும் டாக்டர் அனுமதித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலைப் பயணத்துக்கும் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

● குளிரில் தசை இறுகும். கம்பளியை இடுப்பு வரை இறக்கிப் போர்த்திக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் சட்டென்று குனியாதீர்கள்.

● பழக்கடையில் பேரிக்காய் வாங்கும்போது கெட்டியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் வைத்தால் சில நாளில் மணம் வந்து கனியும். தோட்டக்காரரைச் சந்திக்க நேர்ந்தால், மரத்தின் அடியில் ஒட்டு கட்டிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தரைக்குக் கொஞ்சம் மேலே, பட்டையில் ஒரு தடித்த மடிப்பு தெரியும். கொடைக்கானலின் நல்ல பேரி மரங்களெல்லாம் அந்தத் தழும்பின் மேல்தான் நிற்கின்றன.